டிகின்டர் ரேடியோ பட்டன்: அந்த வட்டத்தை வரைவது யார்?

கேள்வி இதுதான். பைத்தானில் சாளரங்கள் செய்ய உதவும் டிகின்டர் நூலகத்தை வைத்து ஒரு செட்டிங்ஸ் திரை செய்தாயிற்று. பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கியதும், ரேடியோ பட்டன்களில் (பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டங்கள்) எது தேர்வாகியிருக்கிறது என்றே தெரியவில்லை. எழுத்துருவைப் பெரிதாக்கினால் எழுத்து வளர்கிறது, வட்டம் பொடியாகவே இருக்கிறது. சரி என்று டிகின்டரின் புதிய திரை உறுப்புத் தொகுப்பான டிடிகேவுக்கு மாறினால், கொடுக்கிற நிறம் எதையும் அது ஏற்பதில்லை. என்ன செய்வது?

மூன்றும் வேறு வேறு கோளாறுபோலத் தெரியும். வேர் ஒன்றுதான்: அந்தச் சின்ன வட்டத்தை வரைவது யார் என்று பார்க்காமல் விருப்பங்களை மாற்றிக்கொண்டிருப்பது. பழைய டிகே விட்ஜெட் (பட்டன் போன்ற திரை உறுப்பு) என்றால், டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகேவே வரைகிறது (மாக் மட்டும் விலக்கு). டிடிகே என்றால் அப்போது நடப்பில் இருக்கும் தீம் (தோற்றத் தொகுப்பு) வரைகிறது. விண்டோஸின் விஸ்டா தீமிலும் மாக்கின் அக்வாவிலும் இயங்குதளமே வரைகிறது. வரைபவர் யாரோ, அவர் கேட்கும் விருப்பத்துக்குத்தான் பலன் உண்டு.

ஆகவே முதல் வேலை, உங்கள் பட்டன் எந்த வகை என்று பார்ப்பது. பட்டன்மேல் வின்ஃபோ_கிளாஸ் அழைத்தால் பழையது 'ரேடியோபட்டன்' என்றும், டிடிகேவினது முன்னால் ஒரு 'டி' சேர்ந்து 'டிரேடியோபட்டன்' என்றும் விடை தரும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் தலையில் டிகின்டரிலிருந்து எல்லாவற்றையும் நட்சத்திரக் குறி போட்டு இறக்கி, அடுத்த வரியில் டிடிகேவிலிருந்தும் அதேபோல் இறக்கினால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும். நீங்கள் பழைய பட்டன் என்று நினைத்துப் பேக்கிரவுண்டுக்குச் சுருக்கமான 'பிஜி' கொடுப்பீர்கள்; 'அன்நோன் ஆப்ஷன்' என்று பிழை வரும். இரண்டையும் தனித்தனிப் பெயரில் இறக்குங்கள். (விருப்பங்களின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நிரலில் வழக்கமான எழுத்திலேயே அடியுங்கள்.)

முதலில் பழைய பட்டன். காணாமல் போன புள்ளிக்குக் காரணம் எளிது. நடுப்புள்ளியின் நிறம் ஃபோர்கிரவுண்டிலிருந்து (எழுத்தின் நிறம்) வருகிறது. வட்டத்தின் உட்புறம் பேக்கிரவுண்டிலிருந்து வருவதில்லை. செலக்ட்கலர் என்ற தனி விருப்பத்திலிருந்து வருகிறது. அதன் தொடக்க மதிப்பு வெள்ளை. எழுத்தை வெள்ளையாக்கினீர்கள், புள்ளியும் கூடவே வெள்ளையானது. வெள்ளை வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி எப்படித் தெரியும்? செலக்ட்கலரை #303030 போல ஏதாவது இருண்ட நிறமாக்குங்கள், புள்ளி தெரிந்துவிடும். பெயரைப் பார்த்து 'தேர்வான பட்டனுக்கு மட்டும்' என்று எண்ண வேண்டாம். விண்டோஸில், தேர்வாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வட்டத்தின் உட்புறத்துக்கு இந்த நிறம்தான். பின்னணி #202020 என்றால் செலக்ட்கலரையும் அதே #202020 ஆக்காதீர்கள். ஒன்றிரண்டு படி வெளிறியதாக இருந்தால்தான் காலியான வட்டங்கள் கண்ணுக்குப் படும்.

அத்தோடு விட்டால் அடுத்த அசிங்கம் வரும். லினக்ஸில் மவுஸ் பட்டன் மேல் ஊர்ந்தாலே அந்த வரிசை முழுவதும் வெளிர் சாம்பலாகப் பளிச்சிடும். விண்டோஸில் அழுத்திப் பிடிக்கும் கணத்தில் அது நடக்கும். ஆக்டிவ்பேக்கிரவுண்ட், ஆக்டிவ்ஃபோர்கிரவுண்ட் இரண்டையும் கையோடு கொடுத்துவிட வேண்டும். பட்டனைச் சுற்றி மெல்லிய வெளிர்க் கோடு தெரிந்தால் அது ஹைலைட்பேக்கிரவுண்ட். அதைப் பின்னணி நிறமாக்குங்கள். கோடு பிடிக்கவில்லை என்று ஹைலைட்திக்னஸைப் பூஜ்யமாக்குவது பரவலான வழக்கம், ஆனால் தவறு. டேப் விசையில் நகர்பவருக்குத் தான் எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடு. செயலற்ற நிலைக்கு டிஸேபிள்டுஃபோர்கிரவுண்ட் தனியாக உண்டு. இருண்ட திரைக்கு நடுத்தரச் சாம்பல் சரியாக வரும்.

மாக்கில் இந்தச் செலக்ட்கலர் வித்தை பலிக்காது. அங்கே பழைய விட்ஜெட்டின் வட்டத்தையும் இயங்குதளமே வரைகிறது. மூன்று தளத்திலும் ஒரே தோற்றம் வேண்டுமென்றால் படம் வைப்பதுதான் வழி. அதற்குக் கீழே வருகிறேன்.

வட்டத்தின் அளவுக்குப் பழைய பட்டனில் தனி விருப்பம் கிடையாது. எழுத்துரு, விட்த், ஹைட், பேட்எக்ஸ் எதை மாற்றினாலும் வட்டம் நகருமே தவிர வளராது. இரண்டு மாற்று உண்டு.

ஒன்று, வட்டத்தையே எடுத்துவிடுவது. இண்டிகேட்டர்ஆன் என்பதைப் பூஜ்யமாக்கினால், தேர்வானது அமுங்கியும் மற்றவை புடைத்தும் நிற்கும். ரேடியோ பட்டன் என்ற பெயரே பழைய வானொலிப் பெட்டிகளில் ஒன்றை அமுக்கினால் மற்றது துள்ளி வெளியே வரும் நிலையப் பொத்தான்களிலிருந்து வந்தது. இந்த விருப்பம் அந்த உருவத்தையே திருப்பித் தருகிறது. இந்த நிலையில் ரிலீஃப் (விளிம்பு புடைப்பா, அமுங்கலா என்பது) என்று எதைக் கொடுத்தாலும் டிகே காதில் வாங்காது. தேர்வானால் அமுங்கல், இல்லையென்றால் ஆஃப்ரிலீஃபில் இருப்பது, அவ்வளவுதான். ஆஃப்ரிலீஃபை 'ஃப்ளாட்' என்றும் ஓவர்ரிலீஃபை 'ரெய்ஸ்டு' என்றும் வைத்தால் டூல்பார் பொத்தானின் தோற்றம் கிடைக்கும். செலக்ட்கலர் இப்போது வேடம் மாறி, தேர்வான பட்டனின் முழுப் பின்னணியாகிவிடும். அதை மாற்றாமல் விட்டால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. முன்னே புள்ளி மறைந்தது, இப்போது எழுத்தே மறையும். தேர்வை நிறத்தால் மட்டும் காட்டுவதும் போதாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள் உண்டு, ஆகவே அமுங்கல் விளிம்பையும் விட்டுவையுங்கள்.

இரண்டாவது மாற்று, உங்கள் வட்டத்தை நீங்களே வரைந்து கொடுப்பது. இண்டிகேட்டர்ஆன் பூஜ்யம். இமேஜ் என்பதில் காலி வட்டம், செலக்ட்இமேஜ் என்பதில் புள்ளி வைத்த வட்டம். எழுத்தும் கூடவே வர காம்பவுண்ட் 'லெஃப்ட்'. போர்டர்விட்த் பூஜ்யம், அப்போதுதான் அமுங்கல் விளிம்பு தெரியாது. செலக்ட்கலரும் ஆக்டிவ்பேக்கிரவுண்டும் பின்னணி நிறத்திலேயே. ஆங்கர் 'டபிள்யூ', இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியின் வட்டமும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். இமேஜ் கொடுக்காமல் செலக்ட்இமேஜ் மட்டும் கொடுத்தால் அது புறக்கணிக்கப்படும். இரண்டு படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பிக்சல் வித்தியாசம் இருந்தாலும் தேர்வு மாறும்போது எழுத்து குதிக்கும்.

படம் வைத்தும் வெற்றிடம்தான் தெரிகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை ஒரே காரணம்தான். ஃபோட்டோஇமேஜை ஒரு ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக உருவாக்கியிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அந்தப் பொருளை அழிக்கும், டிகேவில் இருந்த படமும் கூடவே போகும். 'செல்ஃப்'இல் கட்டிவையுங்கள், அல்லது பட்டன்மேலேயே ஒரு பண்பாக ஒட்டிவிடுங்கள்.

படத்தைத் தயாரிப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. டிகே 8.6 முதல் பிஎன்ஜி படங்களை நேரடியாகவே படிக்கும், அரை ஊடுருவலோடு. ஜிஐஎஃபில் ஒரு பிக்சல் ஒன்று தெரியும், இல்லை தெரியாது. அதனால் வட்டத்தின் ஓரம் படிக்கட்டாக வரும். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் வரைகிறீர்களென்றால் 16 பிக்சல் வட்டத்தை 16லேயே வரையாதீர்கள். 64க்கு 64 அளவில் வரைந்து, லான்சோஸ் முறையில் 16க்குச் சுருக்குங்கள். அந்த 64இல் வெளிக்கோடு 4 முதல் 6, நடுப்புள்ளியின் விட்டம் 28 முதல் 32 வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஓரங்களில் 2 பிக்சலாவது விடுங்கள், இல்லாவிட்டால் வட்டத்தின் நான்கு பக்கமும் தட்டையாக வெட்டுப்படும்.

திரை அடர்த்தியும் இங்கேதான் குறுக்கே வரும். எழுத்துருவைப் புள்ளி அளவில் கொடுத்தால் டிகே அதைத் திரைக்கேற்பப் பெருக்கும். படத்தைப் பெருக்காது. விண்டோஸில் 100 சதவீத அளவீட்டில் அங்குலத்துக்கு 96 பிக்சல். 16 பிக்சல் வட்டம் போதும். 125 சதவீதத்தில் 20, 150இல் 24, 200இல் 32 வேண்டும். நிரல் தன்னை அடர்த்தி அறிந்ததாக அறிவிக்காவிட்டால் விண்டோஸ் முழுச் சாளரத்தையும் இழுத்துப் பெரிதாக்கும், எல்லாமே மங்கும். விண்டோஸின் ஷ்கோர் நூலகத்தின் செட்ப்ராசஸ்டிபிஐஅவேர்னஸை 1 என்ற மதிப்போடு அழைக்க வேண்டும். அதுவும் டிகேவின் மூலச் சாளரத்தை உருவாக்கும் முன்பே. பிறகு அழைத்தால் டிகே பழைய அடர்த்தியையே மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும். ஓர் அங்குலம் எத்தனை பிக்சல் என்று வின்ஃபோ_எஃப்பிக்சல்ஸ் சொல்லும். அதை 96ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் உங்கள் படத்தின் அளவு.

இனி டிடிகே. இங்கே பட்டனிடம் நிறம் கேட்பதே இல்லை. ஸ்டைலிடம் (பட்டன் வகைக்கான தோற்ற விதிகள்) கேட்க வேண்டும். ஸ்டைல் தீமிடம் கேட்கும். விண்டோஸில் தொடக்கத் தீம் விஸ்டா. அதில் வட்டத்தை விண்டோஸின் விஷுவல் ஸ்டைல் பகுதி வரைகிறது. நீங்கள் எந்த நிறத்தை எழுதினாலும் ஸ்டைல் அதைப் பிழையில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் வட்டத்தை வரைபவர் அதைப் படிப்பதில்லை. பிழைச் செய்தி வராததால்தான் இதில் மணிக்கணக்காக நேரம் போகிறது. சந்தேகம் வந்தால் எலிமெண்ட்_ஆப்ஷன்ஸை 'ரேடியோபட்டன்.இண்டிகேட்டர்' என்ற பெயரோடு அழைத்துப் பாருங்கள். நடப்புத் தீமில் வட்டம் எதை எதைக் கேட்கும் என்ற பட்டியல் வரும். அதில் இல்லாததை எழுதிப் பயனில்லை.

நிறம் மாற்றக்கூடிய தீம் வேண்டுமென்றால் க்ளாமைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் தளத்திலும் கிடைக்கும். டிஃபால்ட், ஆல்ட் இரண்டும் நிறத்துக்கு இண்டிகேட்டர்கலரைப் பார்க்கும். க்ளாமுக்கு அந்தப் பெயர் தெரியாது. உட்புறத்துக்கு இண்டிகேட்டர்பேக்கிரவுண்ட், புள்ளிக்கு இண்டிகேட்டர்ஃபோர்கிரவுண்ட், அளவுக்கு இண்டிகேட்டர்சைஸ், சுற்று இடைவெளிக்கு இண்டிகேட்டர்மார்ஜின். ஒரு தீமுக்கு எழுதியதை இன்னொரு தீமில் ஒட்டினால் வேலை செய்யாததற்கு இதுவே காரணம். கிளாசிக் என்ற தீமைப் போட்டவர்கள் வட்டத்துக்குப் பதில் சாய்சதுரத்தைப் பார்த்துத் திகைப்பார்கள். பழுது ஒன்றுமில்லை, அது பழைய யூனிக்ஸ் பணியகங்களின் மோட்டிஃப் வழக்கம்.

க்ளாமில் வட்டம் பெரிதாக இண்டிகேட்டர்சைஸை 14, 18 என்று ஏற்றலாம். 8.6இல் ஓரம் மழுங்காமல் படிக்கட்டாகத்தான் வரும். 20ஐத் தாண்டினால் கண்ணை உறுத்தும். 2024இல் வந்த 9.0 இந்தச் சின்னங்களைத் திரை அளவுக்கேற்ப வரைகிறது, ஆனால் உங்கள் பைத்தானோடு எது வந்திருக்கிறது என்று டிகேவின் பதிப்பு எண்ணைச் சொல்லும் பேட்ச்லெவலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நிறம் கொடுத்தாயிற்று, மவுஸ் மேலே வந்ததும் பின்னணி வெளிறிப்போகிறது என்பது டிடிகேவில் அடுத்த புகார். கான்ஃபிகர் என்பது சாதாரண நிலைக்கான மதிப்பு. மேப் என்பது நிலைக்கு ஒரு மதிப்பு. நிலை பொருந்தினால் மேப் ஜெயிக்கும். க்ளாம் தன் பொது மேப்பில் 'ஆக்டிவ்' நிலைக்கு வெளிர் நிறம் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் ஸ்டைலிலும் பேக்கிரவுண்டுக்கு மேப் எழுதி, ஆக்டிவுக்கு #202020 என்று கொடுங்கள். இண்டிகேட்டர்பேக்கிரவுண்டுக்கும் அப்படியே, அழுத்திய நிலைக்கும் செயலற்ற நிலைக்கும் அங்கே தனி நிறம் இருக்கிறது. மேப் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'செலக்டட்' முதலில், 'டிஸேபிள்டு' பிறகு என்று எழுதினால், தேர்வாகியும் செயலற்றும் இருக்கும் பட்டன் மங்கவே மங்காது. டிஸேபிள்டை மேலே வையுங்கள்.

ஸ்டைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு விதி: உங்கள் பெயர், ஒரு புள்ளி, பிறகு 'டிரேடியோபட்டன்' என்பது எழுத்துப் பிசகாமல். கடைசிச் சொல்லில் பட்டனின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினாலும் 'லேஅவுட் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடும். வட்டமே வேண்டாம், பொத்தான் வரிசைபோல இருந்தால் போதும் என்றால் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை; 'டூல்பட்டன்' என்ற ஸ்டைல் தயாராகவே இருக்கிறது.

டிடிகேவில் படம் வைப்பது பழையதைவிடச் சுற்றுவழி, ஆனால் பலன் அதிகம்: தேர்வு, செயலற்றது, மவுஸ் மேலே இருப்பது என நிலைக்கொரு படம் கொடுக்கலாம். பட்டனின் ஒவ்வொரு பாகமும் ஓர் எலிமெண்ட்; பாகங்களை அடுக்கும் முறை லேஅவுட். எலிமெண்ட்_க்ரியேட்டில் வகை 'இமேஜ்' என்று சொல்லி, முதலில் அடிப்படைப் படம், பிறகு நிலை-பட ஜோடிகள். பின்னர் லேஅவுட்டை எழுதுங்கள். அதன் இயல்பான அடுக்கு இது: வெளியே பேடிங், அதனுள் இடப்பக்கம் இண்டிகேட்டர், அடுத்து ஃபோகஸ், ஃபோகஸுக்குள் லேபிள். இண்டிகேட்டர் இருக்கும் இடத்தில் உங்கள் எலிமெண்டின் பெயர். ஃபோகஸை விட்டுவிட்டால் விசைப்பலகைக்காரருக்கான புள்ளிக்கோடு போய்விடும்.

இங்கே மூன்று பொறிகள். எலிமெண்டுக்கு ஸ்டிக்கி கொடுக்காவிட்டால் அது நான்கு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். லேபிள் இரண்டு வரியானால் உங்கள் வட்டம் கீழே மறுபடி அச்சடித்ததுபோலப் பாதி தெரியும். ஸ்டிக்கியைக் காலிச் சரமாகக் கொடுங்கள். இரண்டாவது, எலிமெண்ட் அந்த நேரத்தில் நடப்பில் இருக்கும் தீமுக்கு மட்டுமே சொந்தம். தீமை மாற்றிவிட்டுத்தான் உருவாக்க வேண்டும், அதே தீமில் அதே பெயரில் இரண்டாம் முறை உருவாக்கினால் 'டூப்ளிகேட்' பிழை. மூன்றாவதுதான் நயவஞ்சகமானது. லேஅவுட்டில் எலிமெண்டின் பெயரைத் தவறாக அடித்தால் டிடிகே பிழை சொல்லாது. பெயரின் முன்பகுதியை வெட்டிவிட்டு, புள்ளிக்குப் பிறகு மீதியிருக்கும் பொதுப் பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளும். திரையில் பழைய வட்டமே வரும், நீங்கள் படத்தில் குற்றம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தோற்றக் கோளாறுபோலத் தெரிந்தாலும் உண்மையில் மாறியின் கோளாறாக இருப்பவை தனி ரகம். திரை திறந்ததுமே எல்லாப் பட்டனும் தேர்வானதுபோல் தெரிகிறதா? தேர்வைச் சேமிக்கும் மாறியான ஸ்ட்ரிங்வாரின் தொடக்க மதிப்பு காலிச் சரம். பழைய பட்டனின் ட்ரைஸ்டேட்வேல்யூவும் தொடக்கத்தில் காலிச் சரம். இரண்டும் பொருந்தினால் டிகே 'இரண்டுங்கெட்டான்' நிலையை வரைகிறது. மாறிக்கு ஒரு தொடக்க மதிப்பு கொடுங்கள். எதுவும் தேர்வாகாமல் தொடங்க வேண்டுமென்றால் ட்ரைஸ்டேட்வேல்யூவை எந்தப் பட்டனின் வேல்யூவோடும் மாறியின் மதிப்போடும் மோதாத ஒரு சொல்லாக்குங்கள். டிடிகேவில் இதன் மறுபக்கம்: மாறி இல்லாமலே போனால் பட்டன் 'ஆல்டர்னேட்' நிலைக்குப் போகும். மாறியை ஃபங்ஷனுக்குள் உள்ளூராக வைத்தால், படத்துக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். மாறியே கொடுக்காவிட்டாலோ எல்லா ரேடியோ பட்டனும் 'செலக்டட்பட்டன்' என்ற ஒரே பொது மாறியில் சேரும். வேறு வேறு ஃபிரேமில் வைத்த குழுக்களும் ஒன்றையொன்று அணைக்கும். குழுவைப் பிரிப்பது மாறிதான், ஃபிரேம் அல்ல.

ஆனால் ஓர் இடத்தில் ஃபிரேமும் முக்கியம். டிடிகே பட்டன்களில் மேல், கீழ் அம்பு விசைகள் ஒரே மாறியைப் பகிரும் அடுத்த பட்டனுக்குத் தாவும். அந்தத் தேடல் ஒரே பெற்றோருக்குள் மட்டும் நடக்கும். அழகுக்காக ஒவ்வொரு பட்டனையும் தனித்தனி ஃபிரேமில் போட்டால் அம்பு விசை செத்துவிடும்.

லேபிள் தமிழில் என்றால் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக முடிவது நமக்கு மூன்று சொல்லாகும். பழைய பட்டனில் ராப்லெங்த்தைப் பிக்சலில் கொடுத்து, ஜஸ்டிஃபை 'லெஃப்ட்' வைக்காவிட்டால் இரண்டாம் வரி நடுவில் போய் நிற்கும். விண்டோஸ் 8 முதல் உடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துரு திரைக்கு நன்றாக இருக்கும். லினக்ஸில் விஷயம் கடினம். அங்கே டிகே 8.6 எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கிறதே தவிர, இந்திய எழுத்துகளுக்கு வேண்டிய இடமாற்றத்தைச் செய்வதில்லை. 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. லேபிளையும் பில்லோவில், எழுத்துகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ரக்ம் அமைப்போடு படமாக வரைந்து, வட்டத்தோடு சேர்த்து ஒரே படமாகக் கொடுக்கலாம். பத்துப் பதினைந்து பட்டனுக்கு அது போதும். திரை முழுக்கத் தமிழ் என்றால் அந்த நிரலை க்யூட்டி என்ற வேறு சாளர நூலகத்தில் எழுதுவதே மேல்.